தோணியப்பன் சாக வேண்டிய நாள்

பனந்துறை என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். அந்நாட்டு வரைபடத்தை அச்சிடும் உரிமை ஓர் அமைச்சரின் சம்பந்திக்குப் போனதிலிருந்து, அவருடைய மாந்தோப்பைத் தவிர மற்றதெல்லாம் அதில் மங்கலாகத்தான் தெரியும். அந்த நாட்டுக்கு ஆறு உண்டு, மலை உண்டு, மகாராஜா உண்டு. இவற்றோடு 'மகாசரிதம்' என்று ஒரு கதையும் உண்டு.

மகாசரிதத்தை எழுதுவது அரண்மனைக் கதை இலாகா. ஆண்டுக்கு ஓர் அத்தியாயம், மகாராஜாவின் பிறந்தநாளன்று வெளிவரும். வீரகண்டன் என்ற இளவரசன் நாடு நாடாகப் போய் வெற்றி மேல் வெற்றி பெறுவதுதான் கதை. அவனுக்குத் தோல்வி கிடையாது, சளி பிடிக்காது, யாரிடமும் வழி கேட்க மாட்டான். முப்பது ஆண்டுகளாக இதையே படித்த மக்களுக்கு அலுத்திருக்க வேண்டும். ஆனால் அவர்களை வேறொரு பழக்கம் பிடித்துக்கொண்டது. இலாகா எதையெல்லாம் எழுதாமல் விட்டதோ அதையெல்லாம் அவர்களே எழுதத் தொடங்கினார்கள். இளவரசனின் குதிரைக்குத் தண்ணீர் காட்டியது யார், தோற்ற அரசனின் மனைவி அன்றைக்கு என்ன சமைத்தாள், எதிரிப் படைத்தளபதி இளவரசனை ஏன் அப்படி ஒரு பார்வை பார்த்தான், இப்படி. இவற்றுக்குக் கிளைக்கதை என்று பெயர்.

எழுதியதை நாலைந்து பிரதி எடுத்து, நூல் போட்டுத் தைத்து, வியாழக்கிழமைச் சந்தையில் கைமாற்றுவார்கள். விலை கிடையாது. ஒவ்வொரு பிரதியின் கடைசியிலும் ஒரு வெற்றுத் தாள் சேர்த்துத் தைத்திருக்கும். அந்தத் தாளுக்கு 'பதில் தாள்' என்று பெயர். படித்தவர் தம் மனதில் பட்டதை அதில் எழுதிவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எழுதாமல் கொடுப்பவரிடம் ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பிரதி சுற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, எழுதியவர் நேரே கடைசித் தாளைத்தான் புரட்டுவார்.

பூரணம் புளிக்கிடங்கில் கொட்டை எடுக்கும் வேலை பார்த்தாள். அந்த வேலைக்குக் கை போதும், தலை தேவையில்லை. எனவே அவளுடைய தலை காலை முதல் மாலை வரை சும்மாவே இருந்தது. அந்தத் தலைக்குள்தான் மகாசரிதத்தின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து மூன்று வாக்கியங்கள் புகுந்துகொண்டன.

'ஓடம் கவிழ்ந்தது. ஓடக்காரன் மாண்டான். இளவரசன் நீந்திக் கரையேறினான்.'

ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த ஓடக்காரன் முழுகிச் செத்தானாம், அரண்மனைக் குளத்தில் நாலு நாள் கால் நனைத்த இளவரசன் கரையேறினானாம். பூரணத்துக்கு வயிறு எரிந்தது. அவள் ஓடக்காரனுக்குத் தோணியப்பன் என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்த பிறகு சாக விட முடியுமா? தோணியப்பன் பிழைத்தான். ஆறு ஆண்டுகளில் நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயம் வாழ்ந்தான். கடன் இல்லாத ஒரு ஓடம் கட்டினான், பல்வலியால் அவதிப்பட்டான், அதிகமாகப் பேசினான்.

கிளைக்கதைக்காரர்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. கதையைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு பிழைபொறுக்கியிடம் கொடுத்துவிட வேண்டும். முன்னுக்குப் பின் முரணாக இருப்பதையெல்லாம் அவர் பொறுக்கி எடுத்துக் கொடுப்பார். பூரணத்தின் பிழைபொறுக்கி ஏகாம்பரம். அரண்மனை வாசலில் ஈட்டியோடு நிற்கும் காவலர். ஒரு கையில் ஈட்டி, மறுகையில் கதை.

"அம்மா பூரணம், நாற்பதாம் அத்தியாயத்துல தோணியப்பனுக்கு இடது கடவாய்ப் பல்லைப் புடுங்கியாச்சு. நாற்பத்தி மூணுல அதே பல்லு வலிக்குதுங்கறான். என்ன அக்கிரமம் இது?" என்பார். பூரணம் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவாள்.

எல்லோருக்கும் தோணியப்பனைப் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. அரண்மனைக் கணக்கரின் மனைவி சௌந்தரநாயகிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவர் இளவரசி கட்சியின் தலைவி. அதாவது வீரகண்டன் இளவரசியைத்தான் மணக்க வேண்டும் என்று எழுதுகிறவர்களின் தலைவி. எதிரித் தளபதியோடுதான் அவன் சேர வேண்டும் என்கிற தளபதி கட்சிக்காரர்களோடு அவர்களுக்குப் பத்தாண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லை. இந்தப் பெரிய போருக்கு நடுவே எவனோ ஒரு ஓடக்காரனுக்கு நூறு அத்தியாயமா என்பது அவர் கேள்வி. பதில் தாளில் ஒவ்வொரு முறையும், 'இந்த ஆள் எப்போது வாயை மூடுவான்?' என்று எழுதுவார். ஒரு அத்தியாயம் விடாமல் படித்துவிட்டுத்தான் எழுதுவார்.

ஆனால் பூரணத்தின் பெட்டியில் வேறு தாள்களும் இருந்தன. பெருவெள்ளம் வந்த ஆண்டில் அரண்மனைச் செய்தித்தாள் 'சிலர் மாண்டனர்' என்று எழுதிவிட்டு மகாராஜாவின் யானைச் சவாரிக்குப் போய்விட்டது. அந்த மாதம் வந்த பதில் தாளில், எழுத்துக் கூட்டி எழுதிப் பழகிய ஒரு பெண்ணின் கை இப்படி எழுதியிருந்தது: 'அந்தச் சிலரில் என் தம்பி ஒருத்தன். தோணியப்பன் ஓடம் ஓட்டுறதைப் படிச்சா அவன் எங்கியோ இருக்கான்னு தோணுது. அவனைச் சாக விட்டுடாதீங்கம்மா.' அதைப் படித்த அன்று பூரணம் புளியைத் தொடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து தோணியப்பனைக் காப்பாற்றுவது அவளுக்கு விளையாட்டாக இல்லாமல் போயிற்று.

இப்படி எல்லோரும் நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்டில்தான் ஒருநாள் கிளைக்கதைப் பெருமாளிகை திறக்கப்பட்டது.

திறந்துவைத்தவர் கதைத்துறை அமைச்சர் திருநிலைநாதர். நடத்தப்போகிறவர் அவருடைய மைத்துனர் குபேரதாசன். அதுவரை குதிரைக் கொள் வியாபாரத்தில் இருந்தவர், இந்தக் கதை விவகாரத்தில் நல்ல ஓட்டம் இருப்பதைச் சந்தையில் கவனித்திருந்தார். வாசலில் பெரிய படம் வைத்திருந்தார்கள். முறுக்கு மீசையும் அகன்ற மார்புமாக ஒருவர் எழுதுகோலைப் பிடித்திருந்தார். கீழே 'கிளைக்கதை எழுதும் பனந்துறைக் குடிமகன்' என்று போட்டிருந்தது. சந்தையில் எழுதுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவர்கள் படத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, மீசை நன்றாக வந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

"இதுகாறும் வீதியில் வீணாகச் சிதறிக் கிடந்த உங்கள் கற்பனைக்கு இவ்வரசு ஒரு கூரை அமைத்துத் தந்துள்ளது," என்றார் அமைச்சர். "கூரையின் கீழ் வாருங்கள். சிறந்தோர்க்கு மாளிகை முத்திரை பதித்த அங்கவஸ்திரம் அணிவிக்கப்படும். கதையின் பயன் நாட்டுக்கு, அங்கவஸ்திரம் உங்களுக்கு!"

கைதட்டல் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அப்போது குபேரதாசன் ஓர் உடன்படிக்கையைக் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். பதினான்கு விதிகள். அதைப் படித்துப் பார்த்து, இது நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எழுதிய தாள் ஒன்று கையில் வந்தால் இவர்களுக்கு ஒன்றுதான் தெரியும்.

அந்த வியாழக்கிழமை எழுதுகிறவர்களும் பிழைபொறுக்கிகளும் சந்தையில் கூடினார்கள். பகை மறந்து இளவரசி கட்சியும் தளபதி கட்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன.

ஏகாம்பரம் முதலில் கொதித்தார். "மூணாம் விதியில, கதைசொல்லி எப்ப வேணா கதையைத் திரும்ப வாங்கிக்கலாம்னு இருக்கு. பதினொண்ணுல, மாளிகைக்குள்ள வந்த கதை வெளிய போவாதுங்கறான். மூணுல உயிரோட இருந்தது பதினொண்ணுல எப்படிச் செத்துச்சு? எழுதினவன் தூங்கிட்டானா?"

"ஆறாவதைப் பாருங்க," என்றார் சௌந்தரநாயகி. "கதையை மாளிகை 'நியாயமான அளவில்' மாத்தலாமாம். அது எந்த அளவு? படிக்கிறவங்களுக்கு என்ன புரியும்? எதையும் தெளிவா எழுதத் தெரியாதா?"

பூரணமும் விடவில்லை. ஒன்பதாம் விதியில், மாளிகை சொல்லும் மாற்றத்தைக் கதைசொல்லி செய்து, பொதுமேடையில் தாமே படிக்க வேண்டும் என்று இருந்தது. மறுத்தால் என்ன ஆகும் என்று சொல்லாமலேயே விதி முடிந்துவிட்டது. "கதை அந்தரத்துல தொங்குதே," என்று சொல்லிக்கொண்டே ஓரத்தில் அழகாக எழுதினாள்: 'மறுத்தால் என்ன ஆகும்? வாசகர் அறிய விரும்புவார்.'

மொத்தம் நாற்பத்தொரு திருத்தம். மாளிகைக்கு அனுப்பிவைத்தார்கள். இரண்டே வாரத்தில் உடன்படிக்கை திரும்பி வந்தது, எல்லாத் திருத்தமும் ஏற்கப்பட்டு. மூன்றாம் விதி எடுக்கப்பட்டிருந்தது. 'நியாயமான அளவில்' என்பது 'முழுவதுமாக' என்று தெளிவாகியிருந்தது. ஒன்பதாம் விதியின் முடிவில் 'மறுத்தால், அம்மாற்றம் வேறொருவர் கையால் எழுதப்படும்' என்று சேர்த்திருந்தார்கள். முன்பு எலி புகுந்து புறப்படும் அளவுக்கு ஓட்டையாக இருந்த உடன்படிக்கை இப்போது தண்ணீர்கூடக் கசியாதபடி இறுகியிருந்தது. அமைச்சர் தம் கைப்பட, 'இத்தகைய குடிமக்களைப் பெற்றது இவ்வரசின் பேறு' என்று எழுதியிருந்தார்.

அரண்மனை ஒருவருடைய திருத்தத்தை ஏற்றுக்கொள்வது பனந்துறையில் அதுவரை நடந்ததே இல்லை. அந்தப் பெருமையில் எல்லோருக்கும் கண் தெரியவில்லை. வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். பூரணமும் போட்டாள். தன் வாக்கியம் விதியில் இருப்பதைப் பக்கத்தில் நின்றவளிடம் காட்டவும் செய்தாள்.

முதல் ஆணை அடுத்த மாதமே வந்தது. 'பதில் தாள் எழுதுவதில் நாட்டின் பொன்னான நேரம் வீணாவதால் அது ஒழிக்கப்படுகிறது. இனி மாளிகை முற்றத்தில் கதைக்கு ஒரு முரசு வைக்கப்படும். படித்தவர் ஒன்று முதல் ஐந்து அடி வரை அடித்துச் செல்லலாம்.'

நூற்றுப் பதின்மூன்றாம் அத்தியாயம் மாளிகைக்குப் போனபின் பூரணம் மூன்று நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு முற்றத்திலேயே நின்றாள். திரும்பி வந்து ஏகாம்பரத்திடம் சொன்னாள்:

"அஞ்சு அடி விழுந்துச்சுண்ணே. அப்புறம் ரெண்டு. அப்புறம் மறுபடியும் அஞ்சு. சந்தோஷத்துல அடிச்சாங்களா, கோவத்துல அடிச்சாங்களான்னு ஒண்ணும் புரியல. தம்பியைப் பறிகொடுத்த அந்தப் பொம்பள வந்துச்சா இல்லையான்னுகூடத் தெரியல."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏகாம்பரம் ஈட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, பிழை எதுவும் அகப்படாமல் நின்றார்.

முணுமுணுப்பு கிளம்பியது. அமைச்சருக்குக் காது நல்ல காது. மக்களாட்சியில் தமக்கு இருக்கும் பற்றை அவர் உடனே வெளிப்படுத்தினார். கதைசொல்லிகள் தங்களுக்குள் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், மாளிகையின் எல்லா முடிவுகளும் அவரைக் கேட்டே எடுக்கப்படும் என்று அறிவித்தார். இளவரசி கட்சி சார்பில் சௌந்தரநாயகி நின்றார். தளபதி கட்சி சார்பில் ஒருவர் நின்றார். மூன்றாவதாக, குபேரதாசன் வீட்டுச் சமையல்காரர் பொன்னுரங்கம் சுயேச்சையாக நின்றார். அவர் வாழ்நாளில் ஒரு கிளைக்கதைகூட எழுதியதில்லை. ஒருமுறை ரசப்பொடிக்கு அளவு எழுதியிருக்கிறார்.

வாக்குச்சீட்டில் பெயருக்கு எதிரே ஒரு கட்டம், கீழே கொஞ்சம் வெற்றிடம். தலைவிதி அந்த வெற்றிடத்தில்தான் விளையாடியது. எழுதாத இடம் ஒன்றைக் கண்டால் அதில் கருத்து எழுதாமல் கொடுப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் அவர்கள். 'இவருடைய தேர்தல் பேச்சில் தொடக்கம் நன்று, நடுவில் தொய்வு', 'இரண்டாமவர் வாக்குறுதிகளில் முன்னுக்குப் பின் முரண் உள்ளது, முடிவு அழுத்தமாக இல்லை' என்று பக்கம் நிறைய எழுதிப் போட்டார்கள். கிறுக்கப்பட்ட சீட்டு செல்லாது என்பது சட்டம். அத்தனையும் செல்லாமல் போயிற்று. மாளிகைச் சமையற்கட்டில் வேலை பார்த்த பதினொரு பேரின் சீட்டு மட்டும் சுத்தமாக இருந்தது. பொன்னுரங்கம் அமோக வெற்றி பெற்றார்.

பிரதிநிதி வந்த வேளையோ என்னவோ, அடுத்த ஆணை இன்னும் கனமாக வந்தது. அதற்கு மரண ஒழுங்குச் சட்டம் என்று பெயர். 'மூலக்கதையில் இறந்த பலர் கிளைக்கதைகளில் உயிரோடு நடமாடுவது நிர்வாகத்துக்குப் பெரும் குழப்பத்தை விளைவிக்கிறது. அவர்கள் அனைவரும் மகாராஜாவின் பிறந்தநாளுக்குள் இறந்துவிட வேண்டும்.' பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் பெயர் தோணியப்பன். விழா மேடையில் மகாராஜாவின் முன்னிலையில் அவன் முழுகுவான். கதைசொல்லி பூரணம் படிப்பார்.

பூரணம் மாளிகைக்கு ஓடினாள். குபேரதாசன் அவளை உட்கார வைத்து மோர் கொடுக்கச் சொன்னார். பக்கத்தில் பிரதிநிதி பொன்னுரங்கம் வடை தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, அவன் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினான்? ஓடம் ஓட்டிப் பொழைக்கறவன். ஓரமா இருந்துட்டுப் போறான்."

"அம்மா, நான் கல்நெஞ்சக்காரன் அல்ல," என்றார் குபேரதாசன். "தனிப்பட்ட முறையில் எனக்கு ஓடக்காரர்கள் மீது பெருமதிப்பு உண்டு. ஆனால் மூலத்தில் மாண்டவர் கிளையில் வாழ்வதை அனுமதித்தால், நாளை மாண்டவர்களெல்லாம் வந்து நிற்பார்கள். ஒவ்வொருவரும் எப்படிச் செத்தேன் என்று சொல்லத் தொடங்குவார்கள். நாடு தாங்குமா?"

"நான் எழுத மாட்டேன்."

"எழுத வேண்டாம். ஒன்பதாம் விதி இருக்கிறது. வேறொருவர் எழுதுவார். நம் பிரதிநிதியே ஆர்வமாக இருக்கிறார்."

பொன்னுரங்கம் வடையை முழுங்கினார். "பொணம் மூணு நாள் கழிச்சு ஊதிப்போய்க் கரை ஒதுங்கற மாதிரி வெச்சிருக்கேன். உருக்கமா இருக்கும்."

அந்தக் கேள்வியை ஓரத்தில் எழுதியவள் அவள்தான். வாசகர் அறிய விரும்புவார்! அந்த வாசகர் இப்போது அறிந்துகொண்டார். அவன் சாகத்தான் வேண்டுமென்றால் தன் வாயால் சாகட்டும், இந்த ஆளின் கையில் அகப்பட வேண்டாம் என்று முடிவு செய்தாள். குபேரதாசன் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டாள். அதில் ஒரு எழுத்தையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்கள்.

பிறந்தநாள் காலையில் ஆற்றங்கரை மைதானம் நிரம்பி வழிந்தது. மேடையில் மகாராஜா, அமைச்சர், மைத்துனர், பிரதிநிதி. மேடையின் ஓரத்தில் ஈட்டியோடு ஏகாம்பரம். கீழே பெரிய முரசு. அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டு, பூரணத்தை நடுவே நிறுத்தினார்கள். அவளுக்கு அது ஈரத்துணி மாதிரி கனத்தது.

"உயர்ந்தோர் கதைக்கு உரிய ஒழுங்கு இன்று நிலைநாட்டப்படுகிறது," என்று அமைச்சர் தொடங்கி, வெயில் ஏறும் வரை பேசி முடித்தார்.

பூரணம் தாளைப் பிரித்தாள். ஆறு ஆண்டுகள் அவனோடு புளி தட்டியிருக்கிறாள், சந்தைக்குப் போயிருக்கிறாள், அவன் பல்வலிக்குக் கிராம்பு தேடியிருக்கிறாள். பெட்டியில் இருக்கும் அந்தத் தாளை நினைத்தாள். மன்னித்துக்கொள் தாயே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"ஓடம் கவிழ்ந்தது. தோணியப்பன் மாண்டான். இளவரசன் நீந்திக் கரையேறினான்."

ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. தாளை மடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

முரசுக்குப் பக்கத்தில் கோலோடு நின்றவன் முதல் அடிக்கு ஆள் வரும் என்று பார்த்தான். யாரும் வரவில்லை. கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அமைச்சர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அப்போது முன்வரிசையில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சௌந்தரநாயகி எழுந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம். ஆறு வருஷமா சொல்றேன், அந்த ஆளு அதிகமாப் பேசறான், எனக்குப் பிடிக்காது. இப்பவும் பிடிக்கல. ஆனா ஓடம் மரம்தானே? கவுந்தாலும் மெதக்கும். அவன் அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் இருப்பான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்து தளபதி கட்சிக்காரர் ஒருவர் எழுந்தார். "இளவரசி கட்சி சொல்றதுல ஒரு திருத்தம். வெள்ளத்துல ஒரே கையால புடிக்க முடியாது. குப்புறப் படுத்து ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டான்."

"அமைதி!" என்றார் அமைச்சர். "கதை முடிந்தது!"

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பூரணம் அவளை முன்பின் பார்த்ததில்லை. "மூச்சு இருக்குங்க. தண்ணி குடிச்சிருக்கான், ஆனா மூச்சு இருக்கு. நான் பாத்தேன். யாராவது கயிறு போடுங்க."

பூரணத்துக்குத் தெரிந்துவிட்டது. அது அந்தத் தாளை எழுதிய கைதான். அவள் மேடையிலேயே, மகாராஜாவின் எதிரிலேயே, தேம்பித் தேம்பி அழுதாள்.

மேடை ஓரத்தில் ஈட்டி கீழே விழும் சத்தம் கேட்டது. "நான் கரையில காவலுக்கு நின்னேன்," என்றார் ஏகாம்பரம். "கயிறை வீசிட்டேன்."

அமைச்சர் உடன்படிக்கையைப் பிடுங்கிப் புரட்டினார். மாளிகை தரும் கதையை மாற்றலாகாது என்பது கதைசொல்லிக்கு இருந்தது. கேட்பவர்க்கு என்று ஒரு விதியும் இல்லை. நாற்பத்தொரு திருத்தம் செய்தவர்கள் இந்த ஒரு ஓட்டையைக் கோட்டை விட்டிருந்தார்கள். அமைச்சர் மகாராஜாவின் முகத்தைப் பார்த்தார், ஆணை கிடைக்கும் என்று.

மகாராஜா இருக்கையின் நுனிக்கு வந்திருந்தார். அவருக்கு முப்பது ஆண்டுகளாக யாரும் கதையின் நடுவில் இடம் கொடுத்ததில்லை.

"கயிறு எட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். "அந்த இடத்தில் ஆறு அகலமாயிற்றே."

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "எட்டாதுதான் மகாராஜா. என் பிழை."

"என் தலைப்பாகையை முடிஞ்சுக்கங்க!" என்று ஒருவர் கத்தினார். "என் சேலை ஒண்ணு இருக்கு!" என்றாள் இன்னொருத்தி. கட்சி பேதமில்லாமல் முடிச்சுப் போட்டார்கள், முடிச்சு தாங்குமா என்று சண்டை போட்டார்கள், இழுத்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது தோணியப்பன் கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கினான். கக்கி முடித்ததும் பேசத் தொடங்கினான் என்று யாரோ சொல்ல, சௌந்தரநாயகி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏங்க," என்று கடைசியில் அந்தப் பெண் கேட்டாள். "அந்த இளவரசன் நீந்திப் போனானே, ஒருதரம்கூடத் திரும்பிப் பாக்கலியா?"

எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். இந்த இடத்தை நிரப்ப மகாராஜாவுக்கு எதுவும் தோன்றவில்லை.

அன்றே மாளிகை படுத்துவிட்டது. முரசுகளைக் கேட்பாரில்லை. அமைச்சர் சளைக்காமல் பதினைந்தாம் விதி ஒன்றை எழுதி, வழக்கம்போல் திருத்தத்துக்கு அனுப்பினார். 'கேட்போர் எவரும் வாய் திறக்கலாகாது. முடிவில் அனைவரும் மகாராஜா வாழ்க என்று உரக்க முழங்க வேண்டும்.' ஏகாம்பரம் அதை இரண்டு முறை படித்தார். கை துறுதுறுத்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, 'திருத்தம் ஏதுமில்லை. மிக நன்று' என்று எழுதித் திருப்பியனுப்பினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் எழுதியதில்லை.

அதற்குப் பிந்திய ஒரு வியாழக்கிழமை, சந்தை நிறைந்திருந்த நேரத்தில் அரண்மனை முரசறைவோன் வந்தான். தாளைப் பிரித்து உரத்த குரலில் படித்தான்.

"அரசுக் களஞ்சியத்தில் பஞ்ச காலத்துக்கெனச் சேமித்து வைத்திருந்த நெல் முழுவதையும் எலிகள் தின்றுவிட்டன. விசாரணை முடிந்தது."

தாளை மடித்தான். முன்பெல்லாம் இந்த இடத்தில் கூட்டம் கலைந்துவிடும். இன்று ஒருவரும் நகரவில்லை. காய்கறிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நின்றவர்களும் உட்கார்ந்தார்கள். முரசறைவோன் குழம்பிப்போய்த் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பூரணம் இடுப்பிலிருந்து எழுதுகோலை எடுத்தாள். களஞ்சியத்துக்கு எதிரே பதநீர் விற்கும் ஆள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த எலிங்க பன்னெண்டு மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வந்துச்சுங்க. நான் பாத்தேன்."

"வண்டி யாரு வண்டி?" என்று கூட்டம் கேட்டது.